வலிமையா, வடிவமா? பளு தூக்குவோரின் பழைய வழக்கு

உடற்பயிற்சிக் கூடங்களில் இரண்டு வகை மனிதர்களைக் காணலாம். ஒருவர், போன வாரத்தைவிட இந்த வாரம் இரும்புத் தண்டில் இரண்டு கிலோ கூடுதலாக ஏற்ற முடிந்ததா என்று கணக்குப் பார்ப்பார். மற்றொருவர், எதிரே உள்ள நிலைக்கண்ணாடியில் தம் தோளும் மார்பும் எப்படித் தெரிகின்றன என்று பார்ப்பார். இருவரும் தூக்குவது ஒரே இரும்பைத்தான். நோக்கம் மட்டும் வேறு.

பளு தூக்குவது வலிமைக்காகவா, வடிவத்துக்காகவா? இந்தக் கேள்வியை இன்றைய இளையோர் புதிதாகக் கிளப்பவில்லை. நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்து வரும் வழக்கு இது. அதன் வரலாற்றைத் தெரிந்துகொண்டால், இன்று நம் பிள்ளைகள் கண்ணாடி முன் நின்று படும் கவலைக்கும், வயதானவர்கள் மாடிப்படியில் படும் பாட்டுக்கும் ஒரு விளக்கம் கிடைக்கும்.

கல்லுக்குக் கண் இல்லை

தமிழ்நாட்டின் தென்மாவட்டக் கிராமங்களில் இன்றும் இளவட்டக்கல்லைப் பார்க்கலாம். பிடிமானமே இல்லாமல் உருண்டையாக, வழுவழுப்பாகச் செதுக்கப்பட்ட கருங்கல் அது. குனிந்து அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளில் சாய்த்துப் பின்னால் போட வேண்டும். அந்தக் கல்லைத் தூக்கியவனுக்கே பெண் கொடுப்பார்கள் என்பது ஊர்ப் பேச்சு. இப்போது பெரும்பாலும் பொங்கல் விளையாட்டாக நடக்கிறது.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்லுக்குக் கண் கிடையாது. தூக்குகிறவன் கறுப்பா சிவப்பா, ஒல்லியா பருமனா என்று அது பார்க்காது. தரையை விட்டுக் கிளம்பியதா இல்லையா என்பது ஒன்றுதான் கணக்கு. வலிமைக்குத் தீர்ப்புச் சொல்ல நடுவர் தேவையில்லை. பார்த்தவர் எல்லாருமே சாட்சி. வடிவத்துக்கோ, பார்க்கிறவர் ஒருவர் வேண்டும். அந்தப் பார்வைக்குத் தகுந்தபடி தீர்ப்பும் மாறும்.

ஏதென்ஸில் ஒரு சமநிலை

நவீன ஒலிம்பிக் போட்டி 1896-இல் ஏதென்ஸில் தொடங்கியது. அதிலேயே இந்த வழக்கு தலைகாட்டிவிட்டது. இரு கைகளால் பளு தூக்கும் போட்டியில் டென்மார்க்கின் விகோ ஜென்சனும் பிரிட்டனின் லான்ஸ்டன் எலியட்டும் ஆளுக்கு 111.5 கிலோ தூக்கினார்கள். கிராமுக்குக் கிராம் சமம். வெற்றி யாருக்கு?

நடுவராக இருந்தவர் கிரேக்க இளவரசர் ஜார்ஜ். ஜென்சன் தூக்கிய விதம் நேர்த்தியாக இருந்தது என்று அவர் முடிவு செய்தார். எலியட் தூக்கும்போது கால் அசைந்தது என்பது குறையாகச் சொல்லப்பட்டது. பிரிட்டன் தரப்பு இதை ஏற்கவில்லை. மறுபடியும் முயன்று பார்த்தார்கள், எடை கூடவில்லை. முதலிடம் ஜென்சனுக்கே போனது. அடுத்து நடந்த ஒரு கைப் போட்டியில் எலியட் 71 கிலோ தூக்கி, யாரும் கேள்வி கேட்க முடியாதபடி வென்றார்.

இந்த எலியட் பிறந்தது இந்தியாவில். அவருக்குப் பயிற்சி தந்தவர்களில் ஒருவர் சாண்டோ. அந்தப் பெயர்தான் இந்த வழக்கின் நடுநாயகம்.

மேடை ஏறிய உடல்

யூஜின் சாண்டோ 1867-இல் அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். இயற்பெயர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் முல்லர். அந்தக் காலத்துப் பலசாலிகள் பெரும்பாலும் தொப்பையும் தடித்த கழுத்துமாக இருந்தார்கள். சங்கிலியை அறுப்பார்கள், குதிரையைத் தூக்குவார்கள், கூட்டம் கைதட்டும். 1889-இல் இலண்டன் மேடையில் சாம்சன் என்ற புகழ்பெற்ற பலசாலியை அவருடைய வித்தைகளிலேயே வென்று, சாண்டோவும் அப்படித்தான் பெயரெடுத்தார்.

1893-இல் சாண்டோ அமெரிக்கா போனார். சிக்காகோவில் உலகக் கண்காட்சி நடந்த ஆண்டு அது. அங்கே புளோரன்ஸ் சீக்ஃபெல்ட் என்ற இளம் நிகழ்ச்சி அமைப்பாளர் ஒன்றைக் கண்டுகொண்டார். சாண்டோ எத்தனை கிலோ தூக்குகிறார் என்பதைவிட, தூக்கும்போது அவர் தசைகள் எப்படிப் புடைக்கின்றன என்பதைத்தான் கூட்டம் வாய்பிளந்து பார்த்தது. உடனே நிகழ்ச்சியின் போக்கு மாறியது. கிரேக்கச் சிலைகளைப் போல நின்று உடலைக் காட்டுவது முக்கியமான அங்கமாயிற்று. மறு ஆண்டே, 1894-இல், எடிசன் நிறுவனம் சாண்டோ தசைகளை முறுக்கிக் காட்டுவதைச் சலனப்படமாக எடுத்தது. படத்தில் அவர் எதையும் தூக்கவில்லை. நின்று காட்டினார், அவ்வளவுதான்.

பளு தூக்கும் வரலாற்றில் திருப்புமுனை இதுவே. அதுவரை தசை என்பது வலிமையின் விளைவு. இப்போது தசையே நிகழ்ச்சியாகிவிட்டது. புகைப்படமும் சலனப்படமும் பரவிய காலம் அது. ஒரு படத்தில் இரும்பு எத்தனை கிலோ என்று தெரியாது. தோள் எத்தனை அகலம் என்று தெரியும்.

1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் இலண்டனின் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் சாண்டோ ஒரு மாபெரும் போட்டியை நடத்தினார். உலகின் முதல் பெரிய கட்டழகர் போட்டி என்று அதைச் சொல்வார்கள். நடுவர்களாக அமர்ந்தவர்கள் மூவர். ஒருவர் சிற்பி சார்ல்ஸ் லாஸ். இன்னொருவர் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில். மூன்றாமவர் சாண்டோவே. நாட்டிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் மரே முதல் பரிசாகத் தங்கச் சிலையைப் பெற்றார். அந்தச் சிலை சாண்டோவின் உருவம்.

வெற்று ஆரவாரம் என்று அந்தப் போட்டியை ஒதுக்கிவிட முடியாது. மிகப் பெரிய தசைக்குப் பரிசு என்று சாண்டோ சொல்லவில்லை. பொதுவான வளர்ச்சி, உறுப்புகளுக்கு இடையிலான சமநிலை, தசையின் தன்மை, பொது ஆரோக்கியம், தோலின் நிலை ஆகியவற்றைப் பார்த்தார்கள். உடல் அழகு உடல்நலத்தின் அடையாளமாக இருக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. ஆனால், அன்று போட்டியாளர்கள் யாரும் பளு தூக்கிக் காட்டி வெற்றி பெறவில்லை.

சாக்சன் கேட்ட கேள்வி

சாண்டோவின் காலத்திலேயே மறுதரப்பும் இருந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்த ஆர்தர் சாக்சன் அதன் தலைவர் எனலாம். 1905-இல் அவர் ஒற்றைக் கையால் சுமார் 168 கிலோவைத் தலைக்கு மேல் ஏற்றினார். உடலைப் பக்கவாட்டில் வளைத்து, பளுவுக்கு அடியில் புகுந்து நிமிரும் முறை அது. இன்றுவரை அந்த முறையில் அதற்கு நிகராகப் பேசப்படும் சாதனை வேறில்லை.

சாண்டோவும் சாக்சனும் 1898-இல் ஷெஃபீல்டு நகரில் நேருக்கு நேர் மோதினார்கள். யார் பலசாலி என்ற சச்சரவு வழக்குமன்றம் வரை போனது. சாக்சன் எழுதிய புத்தகத்தில் ஒரு கருத்து இன்றைக்கும் பொருந்தும். ஒரே ஒரு முறை கனமான பளுவைத் தூக்குவது மட்டும் வலிமை ஆகாது. நீடித்து உழைக்கும் ஆற்றலும் சேர்ந்தால்தான் உண்மையான வலிமை என்றார் அவர்.

சாக்சன் தூக்கினார்; சாண்டோ காட்டினார். யார் பெயர் நிலைத்தது? தமிழ் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். சாக்சனைத் தெரிந்தவர் யாருமில்லை. சாண்டோ என்றால் வீட்டில் மூத்தவர்கள் தலையசைப்பார்கள்.

ஊர் ஊராகப் போன பெயர்

1904, 1905-ஆம் ஆண்டுகளில் சாண்டோ இந்தியாவிலும் கீழை நாடுகளிலும் சுற்றுப்பயணம் செய்தார். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று தனக்கென ஒரு மரபு வைத்திருந்த இந்திய மண்ணில் அவர் பெயர் வேர் பிடித்துவிட்டது. வங்காளத்தில் கையில்லாப் பனியனுக்கு இன்றும் 'சாண்டோ கெஞ்சி' என்றே பெயர்.

தமிழில் அது பட்டமாகவே ஆயிற்று. கோவையில் பிறந்து, உடற்பயிற்சியில் பெயரெடுத்து, பின்னர் திரைப்படத் தயாரிப்பாளராக உயர்ந்த சின்னப்பா தேவரை, அவர் 1978-இல் மறைந்த பின்னும் 'சாண்டோ' சின்னப்பா தேவர் என்றுதான் சொல்கிறோம். பிரஷ்யாவில் பிறந்த ஒருவர் தமக்காக வைத்துக்கொண்ட மேடைப்பெயர், கொங்கு நாட்டுக்காரர் ஒருவரின் பெயருக்கு முன்னொட்டாக ஒட்டிக்கொண்டது. படமும் மேடையும் சேர்ந்தால் ஒரு பெயர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பிரிந்த பாதைகள்

இதற்குப் பின்னும் சில பத்தாண்டுகள் வலிமையும் வடிவமும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தன. அமெரிக்காவில் 1940, 1941 இரு ஆண்டுகளிலும் 'மிஸ்டர் அமெரிக்கா' பட்டம் வென்றவர் ஜான் கிரிமெக். அவர் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகப் பளு தூக்கியவர். அந்தக் காலத்துக் கட்டழகர் போட்டிகள் பளுதூக்கும் போட்டிகள் முடிந்த பிறகு, இரவு நேரம் கழித்து நடக்கும் துணை நிகழ்ச்சிகளாகவே இருந்தன. விளையாட்டுத் திறனுக்கும் தனி மதிப்பெண் உண்டு.

இந்தத் தரப்பின் தளபதி பாப் ஹாஃப்மன். பென்சில்வேனியாவின் யார்க் நகரில் பளுதூக்கும் சாதனங்கள் செய்து விற்றவர். பளுதூக்கும் வீரர்களை வளர்த்தவர். அவருக்கு எதிராக நின்றவர்கள் கனடாவின் மாண்ட்ரியல் நகரைச் சேர்ந்த ஜோ வீடர், பென் வீடர் சகோதரர்கள். 1946-இல் அவர்கள் கட்டழகர்களுக்கென்று தனியே அனைத்துலகச் சம்மேளனம் அமைத்தார்கள். பளுதூக்கும் போட்டியின் வாலில் தொங்கிக்கொண்டிருந்த கட்டழகர் போட்டி தனிக்குடித்தனம் போனது. 1965-இல் 'மிஸ்டர் ஒலிம்பியா' பட்டத்தைத் தொடங்கினார்கள். 1977 முதல் அதை வெல்வோருக்குத் தரப்படுவது சாண்டோவின் சிலை!

வீடர் தரப்பு வென்றதற்குக் காரணம் எளிது. ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்குவது லட்சத்தில் ஒருவருக்குக் கிடைப்பது. கண்ணாடியில் கொஞ்சம் நன்றாகத் தெரிய வேண்டும் என்பது எல்லாருக்கும் உள்ள ஆசை. அந்த ஆசைக்குச் சஞ்சிகை, சத்துமாவு, சாதனம் என்று எதையும் விற்கலாம்.

இருந்தாலும் இரண்டையும் ஒருசேரக் கொண்டவர்கள் இருக்கவே செய்தார்கள். 1976-இல் மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்ற இத்தாலியர் ஃபிராங்கோ கொலும்பு, மறு ஆண்டே உலகின் மிகப் பெரிய பலசாலி யார் என்ற போட்டியில் இறங்கினார். குளிர்சாதனப் பெட்டியை முதுகில் சுமந்து ஓடும் சுற்றில் தடுமாறி விழுந்து கால் மூட்டு விலகியது. அத்தனை பேர் முன்னிலையில் சறுக்கினாலும், கட்டழகர்கள் வெறும் ஊதிய பலூன்கள் என்ற ஏளனத்தை அவர் உடைத்தார். 1981-இல் மீண்டும் பட்டம் வென்றார்.

ரோமில் 380 கிலோ

சிங்கப்பூர் இந்த வழக்கில் தன் சாட்சியத்தை 1960-லேயே சொல்லிவிட்டது. சீனாவின் சுவாத்தோவில் பிறந்து, சிறுவயதில் சிங்கப்பூருக்கு வந்தவர் டான் ஹாவ் லியாங். கே வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் பளுதூக்கும் போட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு இந்தத் துறைக்கு வந்தார். 1958-இல் கார்டிஃப் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர் போட்டியிட்டது 67.5 கிலோ எடைப் பிரிவில். கால்வலி கடுமையாக இருந்தது. விலகிக்கொள்ளும்படி மருத்துவர்கள் சொல்லியும் கேட்காமல் கடைசிச் சுற்றில் தூக்கினார். மூன்று வகைத் தூக்குதலிலும் சேர்த்து 380 கிலோ. ஈராக்கின் அப்துல் வாஹித் அஜீசும் அதே 380 கிலோ தூக்கியிருந்தார். ஏதென்ஸில் நடந்தது போலவே மறுபடியும் சமநிலை. ஆனால், இந்த முறை எந்த இளவரசரும் நேர்த்தி பார்க்கவில்லை. தராசுதான் தீர்ப்புச் சொன்னது. உடல் எடை குறைவாக இருந்தவர் டான். வெள்ளிப் பதக்கம் அவருக்கு.

சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அடுத்த பதக்கத்துக்கு அந்நாடு 2008 வரை, 48 ஆண்டுகள் காத்திருந்தது. 2024 டிசம்பரில், 91-ஆம் வயதில் டான் மறைந்தபோது, நாடு நினைவுகூர்ந்தது அவருடைய மார்பளவை அன்று. அவர் தூக்கிய எடையை.

மலேசியாவோ மறுபாதையில் புகழ் சேர்த்தது. ஆறு முறை 'மிஸ்டர் ஆசியா' பட்டம் வென்ற மாலிக் நோரும், பத்து முறை உலகக் கட்டழகர் பட்டம் வென்ற சசாலி சமாட்டும் அந்நாட்டின் பெருமை. அதற்கான உழைப்பையும் உணவுக் கட்டுப்பாட்டையும் யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. அழகும் உழைத்துப் பெறுவதுதான்.

ஊசியும் மாத்திரையும்

இனி, பெற்றோர் காது கொடுத்துக் கேட்க வேண்டிய பகுதி. 1958-இல் டயனபோல் என்ற மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. ஆண் ஹார்மோனின் செயற்கை வடிவம் அது. ஜான் சீக்லர் என்ற மருத்துவர் அதை முதலில் கொடுத்துப் பார்த்தது யாருக்கு? யார்க் நகரத்துப் பளுதூக்கும் வீரர்களுக்கு. ஆக, இந்த நஞ்சு வலிமையின் வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இதற்குப் பரிசோதனை நடந்தபோது, பளுதூக்குதலில் தங்கம் வென்ற இருவர் பதக்கத்தை இழந்தார்கள். வலிமைத் தரப்பு தன்னை உத்தமர் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஆனால், விளையாட்டில் பரிசோதனை உண்டு, தடை உண்டு. கண்ணாடி முன் நிற்கும் இளைஞருக்கு அது எதுவும் இல்லை. ஆஸ்திரியாவின் கட்டழகர் ஆண்ட்ரியாஸ் முன்சர் 1996-இல் இறந்தபோது வயது 31. தோலுக்கு அடியில் கொழுப்பே இல்லாத உடலுக்காக உலகமே வியந்து பார்த்தவர் அவர்.

அமெரிக்க மனநல ஆய்வாளர் ஹாரிசன் போப்பும் அவர் குழுவினரும் 1990-களில் ஒரு வினோத நோயை விவரித்தார்கள். நல்ல தசைக்கட்டு உள்ளவர்களே தம்மை நோஞ்சான் என்று நம்பி, சட்டையைக் கழற்றக் கூச்சப்படும் நோய் அது. அந்தக் குழு 1999-இல் சிறுவர்களின் விளையாட்டுப் பொம்மைகளையும் அளந்து பார்த்தது. 1964-இல் வந்த ஜி.ஐ. ஜோ பொம்மையை ஒரு மனிதன் உயரத்துக்குப் பெரிதாக்கினால் மேற்கைச் சுற்றளவு சுமார் 12 அங்குலம் வரும். 1990-களில் வந்த பொம்மைக்கு 26 அங்குலத்துக்கும் மேல். கட்டழகர்களிலும் அப்படி ஒரு கை கிடையாது. பொம்மைக்கு இருக்கும் உடல் பிள்ளைக்கு வராது. வராததைத் தேடும்போதுதான் ஊசி கைக்கு வருகிறது.

இங்கேதான் இரு நோக்கங்களுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. 60 கிலோ தூக்கியவர் 62 கிலோ தூக்கினால், முன்னேறிவிட்டோம் என்று அவருக்கே தெரியும். கண்ணாடி அப்படிச் சொல்வதில்லை. நேற்று அழகாகக் காட்டிய அதே தோளை இன்று மனம் சரியில்லாதபோது சிறிதாகக் காட்டும்.

பெண்களையும் இந்தக் கண்ணாடி விட்டுவைக்கவில்லை. பளு தூக்கினால் உடம்பு ஆண் போல் ஆகிவிடும் என்ற அச்சத்தில் எத்தனையோ பேர் இரும்பைத் தொடாமலே இருந்தார்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்குப் பளுதூக்குதல் 2000-இல்தான், சிட்னியில்தான் சேர்க்கப்பட்டது. அங்கே 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்ற ஆந்திரப் பெண் கர்ணம் மல்லேஸ்வரி, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி ஆனார்.

தொண்ணூறு வயதில் ஒரு தீர்ப்பு

வலிமையும் தசையும் ஒன்றா? ஒன்றுக்கொன்று சொந்தம், ஆனால் ஒன்று அல்ல. தசை பெருத்தால் வலிமைக்கு இடம் கூடும். அந்தத் தசைக்குக் கட்டளையிடுவது நரம்பு மண்டலம். அது பழகினால், தசை அதிகம் பெருக்காமலே வலிமை கூடும். அதனால்தான் கனமான பளுவைக் குறைந்த தடவை தூக்கிப் பழகுவோர் வலிமையில் முந்துகிறார்கள். நடுத்தரப் பளுவைப் பல தடவை, தசை களைக்கும்வரை தூக்குவோருக்குப் பருமன் நன்றாகவே கூடுகிறது.

இதற்கு அருமையான சான்று பாஸ்டன் நகரின் ஒரு முதியோர் இல்லத்தில் கிடைத்தது. 1990-இல் வெளியான ஆய்வு அது. தொண்ணூறு வயதை ஒட்டிய, நலிந்த பத்துப் பேரை எட்டு வாரம் காலால் பளு தூக்கப் பழக்கினார்கள். கடைசிவரை பயின்றவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொடைத் தசையின் அளவோ 9 விழுக்காடுதான் கூடியது. கண்ணாடியில் பார்த்தால் பெரிய மாற்றம் தெரிந்திருக்காது. நடையில் தெரிந்தது. நேர்க்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்கும் சோதனையில் அவர்களின் வேகம் 48 விழுக்காடு உயர்ந்தது.

2015-இல் வெளியான இன்னோர் ஆய்வு 17 நாடுகளில் ஏறத்தாழ 140,000 பேரின் கைப்பிடி வலுவை அளந்தது. மலேசியாவும் அதில் ஒன்று. பிடி வலு 5 கிலோ குறையக் குறைய, மரண ஆபத்து 16 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. இரத்த அழுத்தத்தைவிடக் கைப்பிடி நன்றாக எதிர்காலம் சொன்னது. பிடியை அழுத்திப் பழகினால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருளில்லை. உடலின் உள் நிலையைக் காட்டும் அடையாளம் அது. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில், பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. தோற்றத்தைப் பற்றி அதில் பேச்சில்லை.

வழக்கின் முடிவு

அழகாக இருக்க ஆசைப்படுவது குற்றமா? இல்லவே இல்லை. பலர் உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலை மிதிப்பதே அந்த ஆசையால்தான். சாண்டோவின் படத்தைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறை இரும்பைத் தொட்டது. வடிவம் நல்ல அழைப்பிதழ். ஆனால், விருந்து வலிமைதான்.

வடிவத்துக்கு ஒரு பருவம் உண்டு. இருபதில் வரும், நாற்பதில் தளரும். மேடைக்கு ஏறும் நாளுக்காகத் தண்ணீரைக்கூடக் குறைத்துக்கொள்ளும் கட்டழகர் மறுவாரமே வேறு தோற்றத்தில் இருப்பார். வலிமைக்கோ எழுபதிலும் வேலை இருக்கிறது. அரிசி மூட்டையை இறக்க, பேரப்பிள்ளையைத் தூக்க, குளியலறையில் கால் வழுக்கினால் சுவரைப் பிடித்து நிற்க அது வேண்டும்.

ஆகவே, பயிற்சிக்குப் போகும் மகனிடமோ மகளிடமோ, "உடம்பு ஏறிச்சா?" என்று கேட்காதீர்கள். "போன மாதத்தைவிட இப்போ எவ்வளவு கூடத் தூக்குறே?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்லலாம். யார் கண்ணுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. தாத்தா பாட்டிக்கும் அதே கேள்விதான். இன்று ஒரு கிலோ தண்ணீர்ப் போத்தலைப் பத்து முறை தூக்கினால், அடுத்த மாதம் இரண்டு கிலோவைத் தூக்கிப் பார்க்கலாம். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்கலாம். தொண்ணூறும் தாமதம் இல்லை.